உன் அம்மா உட்கார்ந்து வந்த பின்சீட்டு

இயேசு மரி சூசை துணை

அரூர்
24-9-1986

அன்பு மகள் ராயம்மாளுக்கும் மாப்பிள்ளைக்கும் பேத்திக்கும் அப்பா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நாங்கள் இரண்டு பேரும் இங்கே இருக்கிறோம், நீங்கள் மூன்று பேரும் அந்த மஸ்கட் வெயிலில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலை சொல்லும்போது வேண்டிக்கொள்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதாமல் இருக்கிறோம் என்று மட்டும் எழுதியிருக்கிறாரே என்று நீ இந்நேரம் நெற்றியைச் சுருக்கியிருப்பாய். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அம்மாவுக்கு இப்போது ஆபத்து எதுவும் இல்லை, நான் இதை எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருக்கிறாள். இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படி கண்ணு. போன கடிதத்தில் அம்மாவுக்குக் கண் புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, சுகமாக வீடு வந்து சேர்ந்தோம் என்று எழுதியிருந்தேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது நிஜம். சுகமாக வீடு வந்து சேர்ந்தோம் என்பது பொய். அந்த வரியை எழுதும்போது அம்மா கண்ணில் கட்டோடு அசையாமல் கட்டிலில் சாய்ந்து கிடந்தாள். கண்ணுக்குள் ரத்தம் கட்டியிருந்தது. அதற்குக் காரணம் நான்தான், நான் ஓட்டிய வண்டிதான்.

நீ போன வருஷம் வந்திருந்தபோது நம் பியட் காரில் ஏறியிருக்கிறாய், ஆனால் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில்தான் உட்கார்ந்தாய், அதனால் உனக்கும் தெரிந்திருக்காது. அம்மா எப்போதும் பின்னால் இடது பக்கம்தான் உட்காருவாள். வண்டி வாங்கிய நாளிலிருந்தே அவள் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள், "ஏனுங்க, ஒரு பள்ளத்துல எறங்குனா அது பாட்டுக்கு ரொம்ப தூரத்துக்குக் குதிச்சிக்கிட்டே வருது, என்னன்னு பாருங்க" என்று. நான் ரோட்டைத் திட்டுவேன், பஞ்சாயத்தைத் திட்டுவேன், ஒரு தடவை அவளையே திட்டினேன். வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டியவன் நான், என் கைக்குத் தெரியாததா உன் முதுகுக்குத் தெரியும் என்று கேட்டேன். அந்தப் பேச்சு இப்போது நினைத்தாலும் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. பஸ் ஓட்டியவனே ஒழிய நான் ஒரு நாளும் வண்டிக்கு அடியில் படுத்தவன் இல்லை, அதெல்லாம் ஷெட்டில் மற்றவர்கள் பார்த்தார்கள், நான் ஏறி உட்கார்ந்து ஓட்டினேன், அவ்வளவுதான். ஆபரேஷனுக்கு முன்னால் நீ எழுதியிருந்தாய், தையல் போட்ட கண் அப்பா, கூட்டிக்கொண்டு வரும்போது தலை குலுங்கவே கூடாது, காரை முதலில் யாரிடமாவது காட்டிவிடுங்கள் என்று. அந்தக் கடிதத்தை அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். மறுநாளே பட்டறைக்குப் போனேன், அதுவரைக்கும் சரி. ஆனால் அங்கே போய் வண்டியை நீங்களே பாருங்கள் என்று விடாமல், எல்லாம் தெரிந்தவன் மாதிரி, ஸ்பிரிங் பட்டை தளர்ந்து போச்சு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டை கூட்டிப் போடுங்கள் என்று நானே வைத்தியம் சொல்லிவிட்டு வந்தேன். அவர்களும் சொன்னபடி போட்டுக் கொடுத்தார்கள். வண்டியின் பின்புறம் கொஞ்சம் நிமிர்ந்து நின்றது, பார்க்க நன்றாக இருந்தது. சரி செய்துவிட்டேன், கவலைப்படாதே என்று உனக்கு எழுதினேன்.

சேலம் ஆஸ்பத்திரியில் அம்மாவை வீட்டுக்கு அனுப்பும்போது நர்சம்மா படித்துப் படித்துச் சொன்னாள், இருமக் கூடாது, குனியக் கூடாது, பஸ் ஏறக் கூடாது, கார் இருந்தால் மெதுவாகக் கொண்டுபோங்கள் என்று. உன் சித்தி சாலம்மாள் துணைக்கு வந்திருந்தாள். அயோத்தியாப்பட்டினம் தாண்டி மஞ்சவாடி கணவாய் ஏறி இறங்கும் வரைக்கும் நான் பூ மாதிரிதான் ஓட்டினேன், அதைச் சித்தியே சொல்வாள். கணவாய் இறங்கியதும் மேற்கே மழை கறுத்துக்கொண்டு வந்தது. வாசலில் இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டால் கட்டு நனையும், அதற்குள் வீடு சேர்ந்துவிடலாம் என்று கொஞ்சம் அழுத்தினேன். பாப்பிரெட்டிப்பட்டிக்கு முன்னால் மழைத் தண்ணீர் ரோட்டுக்கு அடியில் போகிற ஒரு மோரிக்குப் பக்கத்தில் ரோட்டை வெட்டிக் குழாய் பதித்துவிட்டு மண்ணை மேடாகக் குவித்து மூடியிருந்தார்கள். தூரத்திலேயே பார்த்தேன். வேகத்தையும் குறைத்தேன், ஆனால் போதுமான அளவு குறைக்கவில்லை. முன் சக்கரம் ஏறி இறங்கியது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை, சரி தாண்டிவிட்டோம் என்றே நினைத்தேன். பின் சக்கரம் ஏறியதுதான் தாமதம், வண்டியின் பின்புறம் எருமை உதைத்த மாதிரி எழும்பியது, விழுந்து மறுபடி எழும்பியது. சித்தி கத்தினாள். அம்மா கத்தவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், அவள் தலை மேல் கூரையில் இடித்துக் கதவுச் சட்டத்தில் சாய்ந்திருந்தது, ஒரு கையால் கட்டின் மேல் பொத்திக்கொண்டிருந்தாள். வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். "ஒண்ணுமில்லீங்க, நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க, மழ வருது" என்றாள். அவள் உதடு வெளுத்திருந்தது. எனக்குத் தெரிந்தது ராயம்மா, ஒன்றுமில்லாமல் இல்லை என்று எனக்கு அங்கேயே தெரிந்தது. ஆனாலும் அவள் சொன்னதைப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். அப்படியே திரும்பிச் சேலத்துக்குப் போயிருக்க வேண்டுமோ என்று இன்று வரைக்கும் மனசு கேட்டுக்கொண்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்து காபி கொடுத்ததும் வாந்தி எடுத்தாள், கண்ணுக்குள் நெருப்பு வைத்த மாதிரி வலிக்கிறது என்றாள். அரூர் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரை வீட்டுக்கே அழைத்து வந்தேன். கட்டைப் பிரித்து டார்ச் அடித்துப் பார்த்தார், கருவிழிக்கு முன்னால் சிவப்பாகத் தேங்கியிருந்தது, நானும் எட்டிப் பார்த்தேன், பார்த்திருக்க வேண்டாம். அவர் சேலத்துக்கு டிரங்க் கால் போட்டுப் பேசினார். தையல் பிரியவில்லை, இந்த நிலையில் மறுபடி வண்டியில் ஏற்றிக் குலுக்கினால்தான் மோசம், தலையை உயர்த்தி வைத்து அசையாமல் படுக்க வைக்க வேண்டும், ரத்தம் அடங்குகிற மாதிரி இருந்தால் அடுத்த வாரம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று மருந்து எழுதிக் கொடுத்தார். எப்படி அடிபட்டது என்று கேட்டார். ரோட்டில் மேடு பள்ளம் என்றேன். பள்ளத்தின் மேல் பழியைப் போட்டேன். டாக்டர் போனதும் சித்தி என்னைப் பிடித்துக்கொண்டாள், "ரோட்டுல பள்ளம் இருக்கறது புதுசுங்களா மாமா? எங்கக்கா ரெண்டு வருசமா சொன்னாளே, அதக் காதுல வாங்குனீங்களா?" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். உனக்குத் தந்தி கொடுக்கச் சொன்னாள். அவ்வளவு தூரத்தில் குழந்தையை வைத்துக்கொண்டு பதறிப்போவாயே என்று கொடுக்கவில்லை என்று அவளிடம் சொன்னேன். அது பாதிக் காரணம். சரி செய்துவிட்டேன் என்று எழுதிய கையால் இதை எழுத முடியவில்லை என்பது மீதிப் பாதி.

அடுத்த வாரம் எதில் கூட்டிப்போவது என்பதுதான் பெரிய யோசனையாகிவிட்டது. மொரப்பூர் போய் ரயில் ஏற்றலாம் என்றால் படி ஏறக் கூடாது. ஸ்டாண்டில் வாடகைக் கார் ஓட்டும் நஞ்சப்பனைப் போய்க் கேட்டேன். "அண்ணா, உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்குது, எங்க வண்டியெல்லாம் சட்டியில பொரி வறுக்கற கதைதான். அண்ணிய அதுல ஏத்தாதீங்க" என்று சொல்லிவிட்டான். அம்மாவிடம் வந்து சொன்னபோது அவள் கண்ணை மூடிக்கொண்டே, "நம்ம வண்டியவே சரி பண்ணுங்க. அது எந்த எடத்துல உதைக்கும்னாவது எனக்குத் தெரியும்" என்றாள். நான் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே உதைக்கிறது, எப்படி உதைக்கிறது என்று கேட்டேன். வண்டி வாங்கி இத்தனை நாளில் அதுதான் முதல் தடவையாக அவளைக் கேட்டது. அவள் சொல்லச் சொல்ல எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மேடு ஏறும்போது இல்லையாம், இறங்கிய பிறகுதான் ஆட்டமாம். இடது பக்கம் ஊஞ்சல் மாதிரி நிற்காமல் ஆடுமாம், வலது பக்கம் ஆடாமல் டொக்கு டொக்கென்று கதவைத் தட்டுகிற சத்தம் வருமாம். பட்டை கூட்டிப் போட்ட பிறகு ஆட்டம் குறையவில்லை, உதை மட்டும் பலமாகிவிட்டதாம். "அப்பவே ஏன் சொல்லலே" என்று கேட்டேன். "ரோடு சரியில்லன்னு சொல்லுவீங்க" என்றாள்.

சாயங்காலம் நஞ்சப்பனை வரச் சொல்லி, வண்டியை அவனை ஓட்டவிட்டு நான் பின்னால் இடது பக்கம் உட்கார்ந்தேன். இது என் சொந்த வண்டி ராயம்மா, இதன் பின் சீட்டில் நான் அதுவரை ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. தீர்த்தமலை ரோட்டில் கொஞ்ச தூரம் போகச் சொன்னேன். முன்னால் உட்கார்ந்திருந்த நஞ்சப்பன், வண்டி நல்லாத்தானே போகுது அண்ணா என்றான். அவன் சொல்லி வாய் மூடுவதற்குள் ஒரு சின்னப் பள்ளத்தில் என் தலை கூரையில் இடித்தது. சின்னப் பள்ளம், முன் சீட்டில் இருந்தால் நான் கவனித்தே இருக்க மாட்டேன். வயிறு குலுங்கி வாய்க்கு வந்தது, பிடித்துக்கொள்ள ஒரு பிடி இல்லை. கோவிலுக்கும் சந்தைக்கும் சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்கும் இதில்தான் அவளை உட்கார வைத்து, நான் முன்னால் பீடி பிடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசியபடி ஓட்டியிருக்கிறேன். நஞ்சப்பனை நிறுத்தச் சொன்னேன். என்ன அண்ணா, அடி பலமா என்றான். ஆமாம் என்றேன்.

வீட்டுக்கு வந்து வண்டியைக் களத்தில் சமதரையில் நிறுத்தி ஒவ்வொரு மூலையாக அழுத்திப் பார்த்தேன். முன்னால் இரண்டு பக்கமும் அமுங்கி எழுந்து அப்படியே நின்றுகொண்டது, இந்த வண்டியை முன்பு வைத்திருந்தவர் முன்பக்கம் மட்டும் ஷாக் அப்சார்பர் புதிது போட்டிருக்கிறார், அதனால்தான் ஓட்டுகிறவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. பின்னால் இடது பக்கம் அழுத்திவிட்டுக் கையை எடுத்தால் தலையாட்டிப் பொம்மை மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது. சாக்கை விரித்து அடியில் படுத்துப் பார்த்தேன். பின் இடது ஷாக் அப்சார்பர் ஒழுகி ஒழுகி அதன் மேல் எண்ணெயும் மண்ணும் அடையாக அப்பியிருந்தது. வலது பக்கத்தில் அதன் கீழ்க் காதுக்குள் இருக்க வேண்டிய ரப்பர் பொடிந்து கொட்டிவிட்டு, இரும்பும் இரும்பும் இடித்துக்கொண்டிருந்தன, அம்மா சொன்ன டொக்கு டொக்கு அதுதான். மாப்பிள்ளைக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும், உனக்குப் புரிய வேண்டும் என்று சொல்கிறேன், பட்டையின் வேலை வளைந்து கொடுப்பது, வளைந்தது திரும்பத் திரும்பத் துள்ளாமல் பிடித்து நிறுத்துவது ஷாக் அப்சார்பரின் வேலை. பிடிக்கிறவன் செத்துக் கிடக்கும்போது நான் துள்ளுகிறவனுக்கு மேலும் பலம் ஏற்றியிருக்கிறேன். வைத்தியம் என்று நினைத்து நோயை வளர்த்திருக்கிறேன்.

தர்மபுரி போய்ப் புதிதாக ஒரு ஜோடி வாங்கி வந்தேன், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி கோணலாகத் துள்ளும் என்று கடையில் சொன்னார்கள், எனக்கும் அது நியாயமாகப் பட்டது. பட்டறையில் விட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் இந்தத் தடவை என் கையால் கழற்றி என் கண்ணால் பார்த்துப் போட வேண்டும் என்று ஒரு வெறி. முன் சக்கரத்துக்குக் கல் வைத்து, பின்னால் ஜாக்கி ஏற்றி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் அச்சுக்கு அடியில் வேப்பங்கட்டை கொடுத்தேன். நட்டு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை, டீசல் ஊற்றி ஊறவிட்டு, மறுநாள் காலையில் ஸ்பேனருக்குக் குழாய் மாட்டி ஏறி மிதித்ததில் ஒன்று கழன்றது, இன்னொன்று என் விரல் தோலையும் கொண்டுபோய்விட்டுத்தான் கழன்றது. சித்தி மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டாள், அப்போதும் திட்டிக்கொண்டேதான் கட்டினாள். பழையதைக் கையில் பிடித்து இழுத்தால் எந்தத் தடையும் இல்லாமல் சைக்கிள் பம்பு மாதிரி வந்தது. புதியதை நிமிர்த்தி வைத்து உள்ளே இருக்கும் காற்று போக நாலு தடவை அழுத்தி இழுத்தபோது கை வலித்தது, அந்த வலி அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கூட்டிப் போட்ட பட்டைகளையும் கழற்றி எடுத்துவிட்டேன். வண்டியைத் தரையில் இறக்கி அதன் பாரம் உட்கார்ந்த பிறகுதான் நட்டைக் கடைசியாக முடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும். எல்லாம் முடித்து மூலையை அழுத்தினேன், அமுங்கியது, எழுந்தது, நின்றது. நஞ்சப்பனை மறுபடி ஓட்டச் சொல்லி, பாப்பிரெட்டிப்பட்டி தாண்டி அந்த மோரி வரைக்கும் போனோம், இந்தத் தடவை நான் பின் சீட்டில் அம்மா சாய்ந்து வர வேண்டிய மாதிரியே சாய்ந்துகொண்டேன். மண் மேட்டில் ஏறி இறங்கியது தெரிந்தது, அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. நஞ்சப்பன் திரும்பிப் பார்த்து, "ஏன் அண்ணா கண்ணத் தொடைக்கறீங்க, தூசிங்களா" என்றான்.

சேலத்துக்குப் போன அன்று அம்மாவுக்கு இரண்டு பக்கமும் தலையணை கொடுத்து, சித்தி தோளில் சாய்த்து உட்கார வைத்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் வலிக்குதா வலிக்குதா என்று கேட்டுக்கொண்டே போனேன். பாதி வழியில் பதில் வரவில்லை, பயந்துபோய்த் திரும்பினேன், "தூங்கறா, நீங்க ரோட்டப் பாருங்க" என்றாள் சித்தி. ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் ரொம்ப நேரம் பார்த்தார். ரத்தம் அநேகமாகக் கரைந்துவிட்டது என்றார், கட்டைப் பிரித்து விரலைக் காட்டினார், அம்மா சரியாகச் சொன்னாள். ஆனால் உள்ளே தழும்பு விழுந்திருக்கிறதாம். கண்ணாடி போட்டால் ஆள் முகம் தெரியும், நடமாடலாம், சமைக்கலாம், ஆனால் முழுப் பார்வை வராது, பொடி எழுத்து அந்தக் கண்ணுக்குத் தெரியாது என்றார். அடிபடாமல் இருந்திருந்தால் என்று கேட்டேன். நன்றாக வந்திருக்கும் என்றார், ஒளிக்காமல் சொன்னார். பள்ளமா என்று அவரும் கேட்டார். இல்லைங்க டாக்டர், வண்டி கெட்டுக் கிடந்தது, வீட்டுக்காரி சொல்லியும் நான் பார்க்கவில்லை என்றேன். அவர் என் தோளைத் தொட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை ராயம்மா, அதுதான் தாங்க முடியவில்லை. திரும்பி வரும்போது கணவாயில் நானாகவே, என்னை மன்னிச்சிடு மதலேனு என்றேன். அதற்கு அவள் சொன்னாள், "என் கண்ணுக்கு நான் மன்னிச்சாச்சுங்க. புள்ளைக்குப் பொய் எழுதுனீங்க பாருங்க, அதுக்கு நான் எப்பிடி மன்னிக்கறது? அவகிட்டயே கேளுங்க" என்று. அதனால்தான் இந்தக் கடிதம். ஒன்றும் விடாமல் எழுதியிருக்கிறேன், எழுதியதையெல்லாம் அவளுக்குப் படித்தும் காட்டிவிட்டேன். பீடி பிடித்ததையும் எழுதினீங்களா என்று சிரித்தாள். இன்னொரு கண்ணிலும் புரை முற்றிக்கொண்டு வருகிறது, அதற்கு இப்போது அவசரம் இல்லை, நீ கிறிஸ்துமஸுக்கு வந்து கூட இருக்கும்போது செய்துகொள்ளலாம் என்று டாக்டரும் சொல்கிறார், அம்மாவும் சொல்கிறாள். அதை இந்தத் தடவை நான் முடிவு செய்யவில்லை, நீங்கள் இரண்டு பேரும் சொல்கிறபடி.

மற்றபடி மரவள்ளி நன்றாக வந்திருக்கிறது, மழை அளவாகப் பெய்தது. மாதா திருவிழாவுக்கு இந்த வருஷம் நாங்கள் போகவில்லை, சித்தி போய் உங்கள் பேரிலும் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். பேத்திக்குப் பல் முளைக்கும்போது வயிறு போகும், பயப்படாதே, உனக்கும் அப்படித்தான் போனது, நர்ஸாக இருக்கிற உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மாப்பிள்ளை காரில் வேலைக்குப் போகிறார் என்று எழுதியிருந்தாய், நீ எப்போதாவது பின்னால் உட்கார்ந்தால் எப்படி இருக்கிறது என்று அவரிடம் சொல், அவர் கேட்காவிட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டு. சேசுவும் மாதாவும் உங்கள் மூன்று பேரையும் கண்ணின் மணி போலக் காப்பார்களாக, உன் கைபட்ட நோயாளிகள் எல்லாரும் எழுந்து நடக்க வேண்டும். பதில் போடும்போது என்னைத் திட்ட வேண்டியதைத் திட்டி எழுது, குறைக்காதே. ஆனால் வழக்கம் போலப் பொடியாக எழுதாமல், காகிதம் எத்தனை ஆனாலும் சரி, மை நன்றாகப் பதிய ஒவ்வொரு எழுத்தும் கட்டைவிரல் அளவுக்குப் பெரிதாக எழுது. இனிமேல் உன் கடிதத்தை நான் படித்துக் காட்டப் போவதில்லை, அம்மாவே படிக்க வேண்டும்.

இப்படிக்கு
உன் பதிலுக்குப் பயந்துகொண்டே காத்திருக்கும் அப்பா,
சூ. இன்னாசிராஜ்